அளவு ரவிக்கை

மைசூர்
24 நவம்பர் 1996

அன்புள்ள செலின் அக்காவுக்கு,

நிக்கோல் எழுதுகிறேன். அம்மா, அப்பா, நான் மூவரும் சுகமாக இருக்கிறோம். கோயம்புத்தூரில் மழை நின்றதா? பெரியம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. உனக்கு டியூட்டி மாற்றிக் கொடுக்க ஆள் கிடைக்காமல் போனதில் எல்லோருக்கும் வருத்தம். மாப்பிள்ளை பெயர் வால்டர். கொள்ளேகாலில் வங்கியில் வேலை. என்ன படிக்கப் பிடிக்கும் என்று கேட்டார். கேட்டுவிட்டு என் பதில் முடியும் வரை காத்திருந்தார். அவருடைய அம்மா பிலோமினா அங்கே கன்னியர் மடத்தில் தையல் டீச்சர். கல்யாணச் சேலைக்கு ரவிக்கையைத் தானே தைப்பதாகச் சொல்லி, எனக்கு நன்றாகப் பொருந்துகிற அளவு ரவிக்கை ஒன்று கேட்டார். கொடுத்தனுப்பினேன். ஈஸ்டர் கழிந்து ஏப்ரல் 28 திங்கட்கிழமை கல்யாணம்.

இன்னொரு விஷயம். எங்கள் கல்லூரியில் ஒரு லெக்சரருக்கு மேல் கையிலும் இடுப்பிலும் கொழுப்பு அதிகம். அதை ஆபரேஷன் செய்து உறிஞ்சி எடுத்துவிடலாமாம். லைபோசக்‌ஷன் என்று பெயர். இங்கேயே ஒரு கிளினிக் வந்திருக்கிறது. நீ ஆபரேஷன் தியேட்டரில் இருப்பவள் என்பதால் என்னிடம் விசாரிக்கச் சொன்னார். பாதுகாப்பானதா? ஏப்ரலுக்குள் ஆறிவிடுமா?

பதிலைக் கல்லூரி நூலக முகவரிக்குப் போடு. வீட்டில் தபாலை யார் பிரிக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும்.

பெரியம்மாவுக்கு என் அன்பு.
நிக்கோல்


கோயம்புத்தூர்
5 டிசம்பர் 1996

அன்பு நிக்கோல்,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் மழையோடு வந்து மழையோடு போய்விட்டது. போட்டோக்கள் கிடைத்தன. மாப்பிள்ளைக்கு நல்ல முகம். நீதான் கழுத்து வரைக்கும் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிறாய். மைசூரில் அவ்வளவு பனியா?

உன் லெக்சரருக்குச் சொல். இது எடை குறைக்கிற வைத்தியம் கிடையாது. ஓர் இடத்தில் தங்கிப்போன கொழுப்பைத் தோலுக்கு அடியில் குழாய் விட்டு உறிஞ்சுவது. பார்லர் வேலை மாதிரி பேசுவார்கள், ஆனால் அது ஆபரேஷன். செய்கிறவர் எம்.பி.பி.எஸ்., அதற்கு மேல் எம்.எஸ்., அதற்கும் மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஹெச். படித்தவரா என்று கேட்கட்டும். மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் கேட்கட்டும். மயக்கம் கொடுக்கத் தனி டாக்டர் வருவாரா, ஏதாவது ஆனால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், இவர் தன் கையால் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்றும் கேட்கட்டும். பதில் சொல்ல எரிச்சல்படுகிற டாக்டரை விட்டு எழுந்து வந்துவிட வேண்டும்.

ஏப்ரலில் அந்த அம்மாவுக்கு என்ன விசேஷம்?

சித்தி, சித்தப்பாவை விசாரித்ததாகச் சொல்.
செலின்


மைசூர்
18 டிசம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அப்பா கிறிஸ்துமஸ் குடிலுக்குக் காகித மலை ஒட்டுகிறார். வீடெல்லாம் பசை.

லெக்சரருக்குத் துணையாகப் போன சனிக்கிழமை அந்தக் கிளினிக்குக்குப் போனேன். கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கிறது. வாசல் வழியாகவும் ஏறலாம், பின்சந்து வழியாகவும் ஏறலாம். பின்சந்தில் ஏறினோம். பெயர் கேட்கவில்லை; ஒரு நம்பர் வில்லை கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித் தடுப்பு, தனி நாற்காலி. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. டாக்டர் பெங்களூரிலிருந்து சனிக்கிழமை மட்டும் வருகிறார். மிகவும் இதமாகப் பேசினார். கையைத் தொட்டுப் பார்த்து, "பத்தே நாள். பதினோராவது நாள் எந்த டிரெஸ் வேணுமானாலும் போடலாம்" என்றார்.

சுவரில் தங்க முத்திரை வைத்த சான்றிதழ் தொங்கியது. அதைத் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். நீ எழுதிய கேள்விகளைக் கேட்க வாய் வரவில்லை. அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் "நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்" என்று எப்படிக் கேட்பது?

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். கேக் அனுப்பியிருக்கிறேன், உடையாமல் வந்தால் எழுது.
நிக்கோல்


கோயம்புத்தூர்
2 ஜனவரி 1997

அன்பு நிக்கோல்,

புது வருடம் உனக்கு நல்லபடியாக அமையட்டும். கேக் தூளாக வந்தது. தூளாகவே தின்றோம்.

துணைக்குப் போன உனக்கே வாய் வரவில்லை என்றால் அந்த லெக்சரர் ஊமையா? நூலகத்தில் உட்கார்ந்திருக்கிற நீ, ஒரு புத்தகத்தை யார் எழுதியது, யார் அச்சிட்டது என்று பார்க்காமல் அலமாரியில் வைப்பாயா? எழுந்து போய்ச் சுவரில் இருப்பதைப் படி. அவர் கோபப்பட்டால் படட்டும்.

வேறு வேலை இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.
செலின்


மைசூர்
12 ஜனவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா? உன் போன கடிதம் கொஞ்சம் சுருக்கமாக இருந்தது. இங்கே அம்மாவுக்கு ஜலதோஷம். மற்றபடி நலம்.

நேற்றுப் போய் அந்தச் சான்றிதழைப் படித்தேன். ஏதோ வெளிநாட்டு ஊரில் நடந்த மூன்று நாள் பயிலரங்கில் கலந்துகொண்டதற்கான தாள். பக்கத்தில் எம்.பி.பி.எஸ்., தோல் வியாதிக்கான ஒரு டிப்ளமா. எம்.எஸ். இல்லை, எம்.சிஹெச். இல்லை. மேசைப் பெண்ணிடம் மயக்க டாக்டர் யார் என்று மெதுவாகக் கேட்டேன். "யாக்கே மேடம், நம்பிக்கெ இல்வா?" என்று சிரித்தாள். நம்பிக்கை இல்லையா என்று ஒருவர் கேட்டால், இல்லை என்று சொல்ல என்னால் முடிவதில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

பிப்ரவரி 1, சனிக்கிழமைக்கு நாள் வாங்கியாகிவிட்டது. லெக்சரர்தான் வாங்கினார். பெரிய ஆஸ்பத்திரி என்றால் வரிசையில் நிற்க வேண்டும், சீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தெரிந்தவர் யாராவது இருப்பார்கள். இங்கே அந்தப் பயம் இல்லை.

நீ இந்த ஆபரேஷனில் நின்றிருக்கிறாயா? பார்த்ததை எழுது.
நிக்கோல்


மைசூர்
22 ஜனவரி 1997

அக்கா,

பத்து நாளாகிறது, உன் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? பெரியம்மா நலம்தானே?

ஒன்றாம் தேதிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் கல்லூரி வேலையாகப் பெங்களூர் போவதாகச் சொல்லலாம் என்றிருக்கிறேன். லெக்சரரைச் சொன்னேன்.

ஒரு வரியாவது போடு.
நிக்கோல்


கோயம்புத்தூர்
27 ஜனவரி 1997

நிக்கோல்,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நாங்கள் நலம். லெக்சரர் வேண்டாம். அந்தக் கைகள் யாருடையவை என்று முதல் கடிதத்திலேயே தெரியும். கேட்டால் நீ எழுதுவதையே நிறுத்திவிடுவாய் என்று நானும் லெக்சரரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

நின்றிருக்கிறாயா என்று கேட்டாய். நின்றிருக்கிறேன். போன ஜூலையில், லீவு நாட்களில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமுக்கு உதவிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கேயும் இதே மாதிரி ஒருவர். முடி, தோல், பரு பார்க்கிறவர். எங்கேயோ போய் இரண்டு நாள் பார்த்துவிட்டு வந்து இதை ஆரம்பித்திருந்தார். முப்பத்திநாலு வயது அம்மா, வயிற்றில் செய்ய வந்திருந்தார். மயக்க டாக்டர் இல்லை. ஊசியை அவரே போட்டார். உள்ளே கொண்டுபோகும்போது அந்த அம்மாவின் கணவர் கதவருகே என்னை நிறுத்தி, "சிஸ்டர், இவரு நல்ல டாக்டர்தானுங்களே?" என்று கேட்டார்.

"நல்ல டாக்டர்தாங்க" என்றேன்.

எனக்குத் தெரியும், நிக்கோல். பதினோரு வருடம் நல்ல சர்ஜன்களுக்குக் கத்தி எடுத்துக் கொடுத்தவள் நான். முன்பு ஒரு தடவை அவர் குழாயைப் பிடித்த விதத்திலேயே அவர் லட்சணம் தெரிந்திருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு நாடி விழுந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிழைத்துவிட்டார். வயிற்றுத் தோல் ஒரு கையகலம் கறுத்து அழுகி, வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அந்த மனிதர் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்தேன்.

நீ உன் வெட்கத்துக்கு வசதியான இடமாகத் தேடியிருக்கிறாய். ஒன்றாம் தேதி போகாதே. செய்துகொள்ளக் கூடாது என்று சொல்லவில்லை. அது உன் உடம்பு. சரியான ஆளிடம் போ. உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு இருக்கும். அங்கே தோல் ஒட்டுகிற சர்ஜன் யார் என்று கேள். பிளாஸ்டிக் சர்ஜன் என்று பெயர் போட்டுக்கொள்ள அவருக்குத்தான் உரிமை.

போகவில்லை என்று ஒரு வரி எழுது.
செலின்


மைசூர்
9 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

போகவில்லை.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை மாலை, நூலகம் மூடுகிற நேரத்துக்கு வந்தது. படித்துவிட்டு நின்றுகொண்டே இருந்தேன். உனக்கு என்ன ஆறுதல் எழுதுவது என்று தெரியவில்லை. நான் பொய் சொன்னதற்கு வருத்தப்படுகிறேன். நீ இதைச் சொல்ல வேண்டிவந்தது என்னால்தான் என்பதற்கு இன்னும் அதிகமாக.

போன செவ்வாய்க்கிழமை தீக்காயப் பிரிவின் வெளி நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ராமாபுரத்து அம்மா ஒருவர், மாரக்காள் என்று பெயர். ஸ்டவ் வெடித்து வலது கை விரல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு முறை பிரித்துவிட்டார்களாம், இது மூன்றாவது. நான் தமிழ் என்று தெரிந்ததும் நெருங்கி உட்கார்ந்து, "உனக்கு எங்க கண்ணு சுட்டுச்சு?" என்றார்.

"சுடலைங்க."

"அப்பறம் எதுக்கு இந்த வரிசையில குந்தியிருக்கற?"

அக்காவுக்கு விசாரிக்க வந்தேன் என்றேன். "பாவம், அக்காளுக்கு முகத்துலயா?" என்றார். தலையாட்டினேன். "இந்த டாக்டரு கை நல்ல கையி, அழாதேன்னு சொல்லு" என்றார். அக்கா, அந்த ஒரு மணி நேரத்தை நான் எப்படி உட்கார்ந்து கழித்தேன் என்று எழுத முடியாது. நடுவில் பெயரைக் கூப்பிட்டார்கள். "நிக்கோல்! யாரு நிக்கோல்?" என்று மூன்று தடவை, வராந்தா முழுக்கக் கேட்கும்படி.

டாக்டர் நஞ்சுண்டசாமி. சீட்டிலேயே எம்.எஸ்., எம்.சிஹெச்., பதிவு எண் எல்லாம் அச்சாகியிருந்தன. இருந்தாலும் உன் கேள்விகளை மனப்பாடம் செய்திருந்ததால் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எரிச்சல்படவில்லை. எங்கே படித்தார், மயக்க டாக்டர் யார், இதுவரை எத்தனை செய்தார், அதில் எத்தனை சரியாக வரவில்லை என்பதுவரை சொன்னார். "வருகிறவர்கள் எல்லோரும் இப்படிக் கேட்டால் எனக்குப் பாதி வேலை குறையும். மற்றவர்கள் கெடுத்ததைச் சரிசெய்வதுதான் இப்போது என் சனிக்கிழமைகள்" என்றார் கன்னடத்தில்.

பிறகு அவர் கேட்டார். சர்க்கரை உண்டா, வேறு மாத்திரை உண்டா, எடை ஏறி இறங்குகிறதா, ஏன் இப்போது என்று. கல்யாணம் என்றேன். தேதி கேட்டார். சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஆபரேஷன் முடிந்தால் ஆறு வாரம் இறுக்கமான உறை போட்டிருக்க வேண்டுமாம். வீக்கம் முழுதாக வற்ற மூன்று மாதம், சிலருக்கு அதற்கும் மேலே. "ஏப்ரலில் உங்கள் கை இப்போது இருப்பதைவிடப் பெரிதாகக்கூட இருக்கலாம். பத்து நாள் என்று சொன்னவர் உங்களிடம் உண்மை பேசவில்லை. ஒரு வருடம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள், செய்கிறேன். ஒரு தேதிக்காகச் செய்ய மாட்டேன்."

நான் அழுதுவிட்டேன். வீக்கத்துக்காக இல்லை. இப்போது சொல்கிறேன், நீ சிரித்தாலும் சரி.

வால்டரின் அம்மாவுக்கு நான் கொடுத்தனுப்பியது என் ரவிக்கை இல்லை. என்னுடையதுதான், ஆனால் பி.ஏ. கடைசி வருடம் தைத்தது. ஐந்து வருடம் ஆகிறது. இப்போது முழங்கைக்கு மேல் ஏறாது. லஷ்கர் மொஹல்லாவில் கெம்பையன் கடையில் அளவெடுப்பார்கள், ஞாபகம் இருக்கிறதா? அவர் உள்ளே டேப்பைப் பிடித்துக்கொண்டு எண்ணைக் கத்துவார். வாசலில் ஒருவர் எழுதுவார். மூன்று வருடம் முன்னால் என் கையைச் சுற்றிவிட்டு எண்ணைக் கத்தினார். வாசலில் இருந்தவர் "சரியாப் பாருங்க, அது இடுப்பா?" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரும் என்னை அளந்ததில்லை. பிலோமினா அத்தை ரவிக்கை கேட்டபோது, என் கை அலமாரியின் அடியிலிருந்து அதைத்தான் எடுத்தது. ஐந்து மாதம் இருக்கிறதே, அதற்குள் அந்த அளவுக்கு வந்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு வாரம் பட்டினி கிடந்தேன். வரவில்லை. அப்புறம்தான் அந்தக் கிளினிக் விளம்பரம்.

கல்யாணத்தன்று அந்த ரவிக்கை எனக்கு ஏறாமல் எல்லோரும் கதவுக்கு வெளியே காத்திருப்பார்கள். தினமும் மனசுக்குள் அதைத்தான் பார்க்கிறேன்.

நிக்கோல்


கோயம்புத்தூர்
18 பிப்ரவரி 1997

அன்பு நிக்கோல்,

நலம். சிரித்தேன், உண்மைதான். பாதியில் நின்றுவிட்டது. ஒரு ரவிக்கைக்குள் நுழைய உன் கையை அறுக்கப் போனாய்.

அந்த அம்மாவுக்கு எழுது. என்னிடம் எழுதியதில் நாலு வரி போதும். நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன். என் கையெழுத்து உன்னுடையதைவிட மோசம்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஜூலையில் வந்த அந்த அம்மாவின் தெரு வரைக்கும் போனேன். வீட்டில் ஆள் இருக்கிற அடையாளமாக வாசலில் செருப்புகள் கிடந்தன. திரும்பி வந்துவிட்டேன்.

சித்திக்கு என் அன்பு.
செலின்


மைசூர்
2 மார்ச் 1997

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தைக்கு,

நிக்கோல் வணக்கத்துடன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நான் அனுப்பிய அளவு ரவிக்கை என் இப்போதைய அளவு இல்லை. மிகவும் பழையது. தெரிந்தே அனுப்பினேன். உண்மை அளவை அனுப்ப வெட்கமாக இருந்தது. உங்களிடம் மறைத்தது தவறு. இத்துடன் நான் இப்போது அணிகிற ரவிக்கை ஒன்றை அனுப்புகிறேன். உங்கள் உழைப்பை வீணாக்கியிருந்தால் மன்னிக்க வேண்டும். அம்மாவுக்கு இது தெரியாது, பதிலைக் கல்லூரி நூலக முகவரிக்கு அனுப்புங்கள்.

உங்கள் பணிவுள்ள,
நிக்கோல்


கொள்ளேகால்
10 மார்ச் 1997

அன்புள்ள நிக்கோலுக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் வீட்டாரும் சுகமென்று நம்புகிறேன்.

ரவிக்கை வெட்டியாகிவிட்டது. கை கூடத் தைத்துவிட்டேன். உள்ளே பிடித்த துணி இரண்டு விரல்தான், அதைப் பிரித்தால் உடம்புக்குச் சரியாகும், கைக்குக் காணாது. இதை நவம்பரிலேயே சொல்லியிருக்கலாம். கோபம்தான். நிச்சயத்தன்று நீ போர்த்தியபடியே இருந்ததைப் பார்த்து, பிள்ளைக்குக் குளிர் ஆகாது போல என்று வால்டரிடம் சொன்னேன். அவன் உனக்குக் கம்பளிச் சால்வை வாங்கி வைத்திருக்கிறான்.

சேலையின் உள் நுனியில், இடுப்பில் சொருகுகிற பக்கம், ஒரு முழம் எடுத்தால் யாருக்கும் தெரியாது. அதில் புதுசாகக் கை வெட்டலாம். ஆனால் இனி நீ அனுப்புகிற ரவிக்கையை நான் நம்புவதாக இல்லை. 22ஆம் தேதி சனிக்கிழமை அம்மாவோடு பஸ் ஏறி நீயே வா கண்ணு.

பிலோமினா


மைசூர்
24 மார்ச் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

பாடுகளின் வாரம் தொடங்கிவிட்டது. எல்லோரும் நலம். உன் நலமும் பெரியம்மா நலமும் எழுது. அந்தத் தெருவுக்கு மறுபடி போனாயா என்று கேட்க மாட்டேன். போனால் சொல்.

சனிக்கிழமை கொள்ளேகால் போய்வந்தோம். வழியெல்லாம் அம்மா, "அளவு ரவிக்கைதான் குடுத்துட்டோமே, இப்ப எதுக்குடி உன்னை வரச் சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். போய் உட்கார்ந்ததும் அத்தையிடமும் அதையே கேட்டாள். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. அத்தை காப்பியை ஆற்றிக்கொண்டே, "அதை ஏங்கறீங்க, தண்ணியில நனைச்சேன், சுருங்கிப் போச்சுங்க. என் தப்புதான்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

உள்ளறையில் நிறுத்தி, "சேலையை எடுத்துப் போடு கண்ணு, கையைத் தூக்கு" என்றார். மூன்று வருடத்துக்குப் பிறகு ஒருவர் முன்னால் கையைத் தூக்கினேன். கதவுக்குப் பதில் திரைதான். திரைக்கு அந்தப் பக்கம் மேசையில் வால்டர். அந்த வீட்டில் அத்தை அளப்பார், அவர் எழுதுவார். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து அப்படித்தானாம். எனக்குத் தெரியாது. "நோட்டை எடுத்துட்டியாடா?" என்று அத்தை கேட்டபோதுதான் தெரிந்தது.

தோளையும் முதுகையும் அத்தையே சொன்னார். வால்டர் எழுதினார். கைக்கு வந்தபோது, பழைய அளவில் வெட்டிய ரவிக்கையில் குத்தியிருந்த குண்டூசிகளை எல்லாம் எடுத்து அத்தை உதட்டில் கவ்வியிருந்தார். டேப்பை என் கையைச் சுற்றிப் பிடித்தார். வாய் திறக்க முடியாது. எண் விழுந்த இடத்தை விரலால் தட்டி, என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நீ சொல் என்று.

"கைச்சுற்று?" என்றார் வால்டர் வெளியிலிருந்து.

அத்தை மறுபடி தட்டினார். அந்த அம்மாவின் கண்ணில் சிரிப்பும் இல்லை, இரக்கமும் இல்லை. வேலை நடுவில் நிற்கிறது என்ற அவசரம் மட்டும். மாரக்காள் அம்மாவின் விரல்கள் ஏனோ நினைவுக்கு வந்தன. குனிந்து எண்ணைப் பார்த்தேன்.

"பதினாலரை" என்றேன். சின்னதாக வந்தது. அவர் கேட்டிருக்க மாட்டார் என்று தோன்றியது. "பதினாலரை" என்று மறுபடி, உரக்கச் சொன்னேன்.

பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது.

"ம், அடுத்தது?" என்றார்.

கல்யாணத்துக்கு ஏப்ரல் இருபத்தாறாம் தேதியே வந்துவிடு அக்கா. என் பக்கத்தில் நீ நிற்க வேண்டும்.

நிக்கோல்